நனைய அனுமதி உண்டு

சாந்தம்மாள் செத்துப்போனது அழகுமலைக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. ஒரு வருஷமாகவே நெஞ்சுச் சளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள்தான். ஆனால் பெற்ற தாயைக் குளிப்பாட்ட ஒரு கவுன்சிலிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்தபோது அவனுக்குத் தலை சுற்றிவிட்டது.

விடியற்காலையில் கண்ணை மூடியவளை லயத்து வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, ஐஸ்பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். லயம் என்றால் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை வீடு. ஒரு வீட்டில் இருமினால் ஆறாவது வீட்டில் தூக்கம் கலையும். சின்னக்கானலுக்கு மேலே, மேகம் வந்து உட்கார்ந்து இளைப்பாறிப் போகிற உயரத்தில் இருந்தது அந்த லயம். போடியிலிருந்து ஜீப் பிடித்துச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியாகிவிட்டது. பாடைக்கு மூங்கிலும் வெட்டியாகிவிட்டது.

பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிய வேண்டும். ஏனென்றால் சுடுகாட்டுப் பாதைதான் யானைப் பாதையும். பகலில் மனுஷனுக்கு, இருட்டினால் யானைக்கு என்று எழுதாத ஒப்பந்தம். போன மாதம் ஒரு பிணத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு ஊரே தலைதெறிக்க ஓடி வந்தது. அந்த மனிதர் ராத்திரி முழுக்கத் தனியாகக் காட்டில் கிடந்தார். அம்மாவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்ற ஒரே நினைப்புதான் அழகுமலையின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முதலில் நீர்மாலை எடுக்க வேண்டும். தெற்குச் சீமையிலிருந்து மலையேறி வந்த சனம் எதை எதையோ விட்டது, நீர்மாலையை மட்டும் விடவில்லை. செத்தவரின் பிள்ளைகள் கொட்டும் சங்குமாக ஓடுகிற தண்ணீருக்குப் போக வேண்டும். அங்கே தலைமுழுகி, ஈர வேட்டியோடு குடத்தில் நீர் மொண்டு, நாலு பேர் தலைக்கு மேலே விரித்துப் பிடிக்கிற வெள்ளைத் துணிக்குக் கீழே நடந்து வர வேண்டும். அந்த நீரால் குளிப்பாட்டிய பிறகுதான் பாடை. அதுவரை பிணம் வாசலை விட்டு அசையாது.

அந்த லயத்தில் செத்த அத்தனை பேரும் ஆவிப்பாறை அருவித் தண்ணீரில் குளித்துத்தான் போனார்கள். அழகுமலையின் அப்பாவும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அருவி சும்மா விழுந்துகொண்டிருந்தது. கேட் கிடையாது, ஆபீஸ் கிடையாது, நின்று பார்க்க ஆளும் கிடையாது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அதை வீடியோ எடுத்துப் போட்டான். உலகமே பார்த்தது. உலகம் பார்த்துவிட்டதால் அரசாங்கமும் பார்த்தது. அப்படிப் பிறந்ததுதான் ஆவிப்பாறை அருவிப் பூங்கா மேம்பாட்டுக் கவுன்சில். கவுன்சில் வந்ததும் சிமென்ட் காளான் முளைத்தது, சிமென்ட் மான் வந்தது, சிமென்ட் யானை வந்தது. நிஜ யானை சில சமயம் வேலிக்கு வெளியே நின்று சிமென்ட் யானையைப் பார்த்துவிட்டுப் போகும்.

பூங்காவுக்குக் கீழே ஓடிய ஓடை இப்போது எலும்பாகக் கிடந்தது. லயத்துக் குழாயிலும் இந்தக் கோடை முழுக்கப் பகலில் காற்றுதான். சாயங்காலமானால் இருமிக்கொண்டு தண்ணீர் வரும். ஏன் இப்படி என்று தோட்டத்து ஆபீசில் கேட்டதற்கு, “சம்மர்” என்று பதில் வந்தது. சாந்தம்மாள் யாரிடமும் கேட்கவில்லை. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “அவுக பாத்து முடிக்கட்டும். நமக்கு வரும்” என்பாள். சாமியைத்தான் சொல்கிறாள் என்று மருமகள் செல்வலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

செல்வலட்சுமிதான் அன்றைக்கும் யோசனை சொன்னாள். “வீட்டுல ரெண்டு குடம் புடிச்சு வச்சிருக்கேன். அதையே ஊத்திருவமா?”

செத்தவளின் தம்பி, போடியிலிருந்து வந்திருந்த சுடலைமணி மாமா, துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “புடிச்சு வச்ச தண்ணியில நீர்மாலையா? எங்கக்கா என்ன டிரம்முல பொறந்தவளா? ஓடுற தண்ணி வேணும். எங்க மச்சானுக்கு எங்க எடுத்தீகளோ, அங்கதான் எங்கக்காவுக்கும் எடுக்கணும்.”

தாய்மாமன் சொன்ன பிறகு பேச்சு இல்லை. அழகுமலை, அவன் தம்பி வேல்முருகன், சுடலைமணி மாமா, துணி பிடிக்க நாலு பேர், கொட்டுக்காரர்கள், சங்கு ஊதுகிறவர் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. உச்சி வெயிலில் கொட்டு அதிர, ஆவிப்பாறை அருவிப் பூங்காவின் வாசலில் போய் நின்றது.

வாசலில் ஒரு பெரிய பலகை. ‘இங்கே நனையலாம், மகிழலாம், படம் எடுக்கலாம். பாத்திரம், பந்து, செல்லப்பிராணி, சோகமான முகம் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.’ கடைசியில் உள்ளதைத் தமாஷுக்கு எழுதியிருந்தார்கள். கவுன்சிலில் தமாஷுக்கென்று தனியாக ஒரு துணைக்குழு இருந்தது.

டிக்கெட் கூண்டுக்குள் ஜோமோள் என்ற இளம்பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். “குரூப் ஆணோ சேட்டா, எத்தன பேரு?” என்று சிரித்த முகமாகக் கேட்டாள்.

“அம்மா செத்துட்டாங்கம்மா. தண்ணி எடுக்க வந்தோம்” என்றான் அழகுமலை.

அவள் முகம் வாடிவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து இன்னும் வாடினாள். “சேட்டா, வந்த காரியம் என்னான்னு அமுக்காம இதுல டிக்கெட் வராது. ஹனிமூன் உண்டு, ஸ்டூடன்ட் டூர் உண்டு, ஆபீஸ் டூர் உண்டு, பர்த்டே உண்டு. மரணம் இல்லா.”

“ஏதாவது ஒண்ண அமுக்கும்மா.”

அவள் நெடுநேரம் யோசித்து, உள்ளதில் பக்கத்தில் வருவது என்று ‘குடும்பக் கொண்டாட்டம்’ என்பதை அமுக்கினாள். டிக்கெட் வந்தது. அடியில் பலூன் படம் போட்டு, ‘உங்கள் மகிழ்ச்சியான நாளில் ஆவிப்பாறை உங்களை வாழ்த்துகிறது’ என்று இருந்தது. சுடலைமணி மாமா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கேட்டில் நின்ற செக்யூரிட்டி சூசையப்பன் அதே தோட்டத்தில் பிறந்தவன். அவன் கல்யாணத்துக்குச் சோறு வடித்தவளே சாந்தம்மாள்தான். காலையிலேயே வந்து மாலை போட்டு அழுதுவிட்டு, டியூட்டிக்கு வந்திருந்தான். இப்போது யூனிபாரத்துக்குள் நெளிந்தான்.

“அண்ணே, குடத்தை உள்ள விடக்கூடாது. நான் விட்டேன்னு கேமராவுல தெரிஞ்சா நாளைக்கே என்னைய வேலைய விட்டு எறக்கி விட்ருவாக. டோக்கன் ரூம்ல வச்சிட்டு, மேனேஜரப் பாருங்க. நல்ல மனுசன். தமிழ்க்காரர்தான், பாலக்காட்டுக்காரர்.”

மேனேஜர் முத்துசுவாமி கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவர். அருவிச் சத்தம் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, சுவரில் பெரிய அருவிப் படம் ஒன்றை மாட்டியிருந்தார். நேரில் போய் அருவியைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். பைல் தீரவில்லையாம்.

“வாங்கோ, உக்காருங்கோ. ஈரமா இருந்தா உக்காரண்டாம், கவுன்சில் சோபாவாக்கும்” என்றார். அழகுமலை நின்றபடியே விஷயத்தைச் சொன்னான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். உள்ளபடியே வருத்தப்பட்டார். அதில் பொய்யில்லை.

“தாயார் போனது பெரிய நஷ்டம். எனக்கும் தாயார் இல்லை. ஆனா ஒரு விஷயம் மனசிலாக்கணும் நீங்கள். தண்ணி வேற, அருவி வேற, கேட்டேளா? தண்ணி எல்லாருக்கும் சொந்தம், நான் தர்க்கம் பண்ணலை. அது பாறை மேலேருந்து விழறச்சே அருவி. அருவின்னா கவுன்சிலோட சொத்து. கீழே விழுந்தப்பறம் மறுபடியும் தண்ணியாயிடும்னு சிலபேர் சொல்லிண்டு வந்தா. அதுக்காகத்தான் கீழே ஒரு சுவர் கட்டி, அங்கேயும் அதைச் சொத்தாவே நிறுத்தி வச்சிருக்கோம்.”

“நாலு குடந்தான் சார். விழுந்துக்கிட்டே இருக்கிற தண்ணிதான.”

“அப்படி விஜாரிக்கப்படாது, நினைக்கவே படாது. இந்தக் கோடையில மத்த அருவியெல்லாம் போய்ப் பாருங்கோ, வெறும் பாறை. நம்மளது ஒருநாள் முடங்கியிருக்கா? காலம்பற கேட் திறக்கறச்சே அருவியும் திறக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டும் மூடும். மேலே அணை, அணைக்கு வால்வு, வால்வுக்கு ரெண்டு ஸ்டாப். பகவானோட கையில விட்டிருந்தா பங்குனியிலேயே நின்னு போயிருக்கும்.” பெருமையில் அவர் குரல் தழுதழுத்தது. “தூர தேசத்துலேருந்து வரவா வெறும் பாறையைப் பாத்துட்டுப் போனா, நமக்கல்லவோ வெட்கம்?”

“அப்ப எங்களுக்குத் தண்ணி...”

“நனையுங்கோ! யாரு வேண்டாம்னா? எத்தனை வேணும்னாலும் நனைஞ்சுக்கோங்கோ. நனையறது பார்வையாளரோட உரிமை. கொண்டு போகத்தான் அனுமதி வேணும்.” என்று சொல்லி, இல்லாதவனுக்கு எடுத்துக் கொடுப்பதுபோல ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

படிவத்தில் விண்ணப்பதாரர் அழகுமலை. அதுவரை சரி. அடுத்த வரியில் பயனாளி என்று இருந்தது.

“அதாவது இந்தத் தண்ணியால நன்மை அடையறவா யாரோ, அவா.”

“எங்கம்மா சார்.”

“அப்போ அவா கையொப்பம் இங்கே.”

அழகுமலை அவர் முகத்தையே பார்த்தான். விளையாடுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தான். அவர் பேனாவைத் திறந்து, மை வருகிறதா என்று உதறிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

“அவங்கதான சார் செத்துட்டாங்க.”

“ஓ. சாரமில்லை, பரவாயில்லை, அதுக்கும் வழி வச்சிருக்கோம். மரண சர்டிபிகேட் இருந்தா கையொப்பம் வேண்டாம்.”

மரண சர்டிபிகேட் பஞ்சாயத்தில் தருவார்கள். அடக்கம் பண்ணிய அத்தாட்சியைக் கொண்டு போனால் தருவார்கள். அடக்கம் பண்ண வேண்டுமென்றால் குளிப்பாட்ட வேண்டும். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குச் சர்டிபிகேட் வேண்டும். அழகுமலை தேயிலைப் பேக்டரியில் இருபது வருஷமாக மெஷினைச் சுற்ற விடுகிறவன். சுற்றுகிற எதற்கும் எங்கேயாவது ஒரு சுவிட்சு இருக்கும் என்று நம்புகிறவன். இதை மனதுக்குள் மூன்று சுற்று சுற்றிப் பார்த்தான். சுவிட்சு தட்டுப்படவில்லை.

போன் அடித்தது. செல்வலட்சுமி. பின்னணியில் ஒப்பாரி கேட்டது. “எங்க இருக்கீக? ஐஸ்பெட்டிக்காரன் அடுத்த ஊருக்குப் போகணும்னு பெட்டியத் தூக்கிட்டான். அத்தை மொகத்துல ஈ உக்காருது, நான் விசிறிக்கிட்டே இருக்கேன். பாதையில கொம்பன் யானை நிக்கிதுன்னு இப்பவே சேதி வந்துருச்சு. சீக்கிரம் வாங்க.”

“வந்துர்றேன்” என்றான். எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு ஸ்ரீலேகா வந்தாள். கவுன்சிலின் அனுபவ அலுவலர் அவள். வருகிறவர்களுக்குச் சரியானபடி அனுபவம் கிடைக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வெளியே கொட்டுச் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கண்கள் விரிந்தன.

“சார், இவங்கள ஆர்டிஸ்ட் பாஸ்ல விட்டா என்ன? ஆர்டிஸ்ட்டுக்குக் குடம், கொட்டு, துணி எல்லாம் உள்ளே கொண்டு போகலாம். ரூல் உண்டு. இன்னிக்கு மூணு மணி புரோகிராமுக்கு வர வேண்டிய டீமும் வரல்ல.”

முத்துசுவாமி ரூலைப் புரட்டினார். இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. “பாத்தேளா, மனுஷாளுக்கு உதவத்தான் ரூல்” என்றார்.

குடம் உள்ளே போகும் என்ற ஒரு சொல் மட்டும்தான் அழகுமலையின் காதில் விழுந்தது. சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அவன் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை.

அருவிக்கு எதிரே சிமென்டில் கட்டிய மேடை. கீழே வெளியூர்க்காரர்கள் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். டோக்கன் ரூமிலிருந்து குடங்கள் வந்தன. கொட்டு அடித்தது, சங்கு ஊதியது, வெள்ளைத் துணி விரிந்தது. ஸ்ரீலேகா மைக்கைப் பிடித்தாள்.

“பிரியப்பட்டவங்களே! நம்ம தோட்டத் தொழிலாளிங்க எவ்வளவு சந்தோஷமா வாழறவங்கன்னு பாருங்க. மரணத்தைக்கூட இவங்க மியூசிக்கோட கொண்டாடறாங்க! வீட்டுல தண்ணி இல்லைன்னாலும் இவங்க வாழ்க்கையில கலை உண்டு. அந்தக் கலையைக் காப்பாத்தத்தான் நம்ம கவுன்சில் இருக்கு. பெரிய ஒரு கைதட்டு கொடுங்க!”

கொடுத்தார்கள். சுடலைமணி மாமாவுக்கு அக்கா ஞாபகம் பொங்கி வந்துவிட்டது. மேடை என்றும் பார்க்காமல், “என்னப் பெத்த அக்கா, ஒனக்கா இந்தக் கெதி!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் மனைவியிடம், “நேச்சுரலாப் பண்றாருங்க பெரியவரு” என்றார். இன்னொருத்தி போனில் சரியாக விழவில்லை, அந்த அழுகையை மட்டும் இன்னொரு தரம் அழச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

ஸ்ரீலேகாவுக்கு ஒரு குறை தட்டியது. மைக்கை மூடிக்கொண்டு அழகுமலையின் பக்கத்தில் வந்தாள். “சேட்டா, குளிப்பாட்டறது இல்லாம இது கம்ப்ளீட் ஆகல்ல. உங்க டீம்ல யாராவது ஒருத்தர் அம்மாவா படுக்கணும். ரெண்டு நிமிஷம் மதி, போதும்.”

அழகுமலை வாய் திறப்பதற்குள் வேல்முருகன் முறுக்கிக்கொண்டு வந்தான். “எங்கம்மா அங்க நெசமாவே படுத்துருக்கும்மா! அங்க வந்து பாக்கச் சொல்லு ஒன் கூட்டத்த!” என்று கத்தினான்.

கத்தியதும் நிகழ்ச்சியில் சேர்ந்ததுதான் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. கைதட்டல் அடங்கிய பிறகு, முத்துசுவாமியே மேடையேறி அழகுமலைக்குப் பொன்னாடை போர்த்தினார். தட்டினால் உள்ளே விளக்கு எரிகிற பிளாஸ்டிக் அருவி ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் அழகுமலை குடத்தைத் தூக்கிக்கொண்டு அருவியை நோக்கி நடந்தான். முத்துசுவாமி கையை நீட்டி மறித்தார்.

“குடத்தை மேடைக்குன்னுதான் அனுமதிச்சது. காலியா வந்த குடம் காலியாத்தான் டோக்கன் ரூமுக்குத் திரும்பணும். ரூல் அடுத்த பக்கத்துல அப்படித்தான் இருக்கு, நான் இப்பத்தான் வாசிச்சேன். என்னைத் தப்பா விஜாரிக்காதீங்கோ.”

குடங்கள் போயின. அழகுமலை ஒரு சிமென்ட் காளானுக்குக் கீழே உட்கார்ந்தான். பொன்னாடையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். காலையிலிருந்து அழ நேரம் கிடைத்திருக்கவில்லை. அம்மா செத்ததற்கு அழுகிறானா, அவளை வைத்துக் கூத்துக் காட்டிவிட்டோமே என்று அழுகிறானா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. மாமாவும் தம்பியும் பக்கத்தில் நின்றார்கள். வெயில் தணிந்து சிமென்ட் யானையின் நிழல் நீண்டுகொண்டே போனது. அந்த நிழல் இந்நேரம் சுடுகாட்டுப் பாதையிலும் நீண்டிருக்கும் என்று நினைத்தான்.

சூசையப்பன் வந்து குனிந்து காதோடு சொன்னான். “அண்ணே, அருவிய மூடப்போறாக. கூட்டத்த வெளிய எறக்கச் சொல்லி வாக்கிடாக்கியில சொல்லிட்டாக. கெளம்புங்க, நாம வேற வழி பாப்போம்.”

“வேற என்னடா வழி?” என்றான் அழகுமலை. சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினான். எதிரே ஒரு குடும்பம் அருவியில் நனைந்துவிட்டுச் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே போனது. யாரும் தடுக்கவில்லை. அவர்கள் போன வழியெல்லாம் தண்ணீர்க் கோடு.

நனையறது பார்வையாளரோட உரிமை.

“வேலு!” என்று எழுந்தான். “துண்டு, வேட்டி, அந்த வெள்ளைத் துணி, எல்லாத்தையும் எடு. மாமா, வாங்க!”

ஓடினார்கள். கொட்டுக்காரர்கள் கொட்டைப் புல்லில் வைத்துவிட்டு ஓடினார்கள். ‘நனையும் இடம்’ என்று அம்புக்குறி போட்ட இடத்தில் அத்தனை பேரும் அருவிக்குள் புகுந்தார்கள். தண்ணீர் மண்டையில் அறைந்தது. நீர்மாலைக்குத் தலைமுழுக வேண்டும் என்ற முறை அப்படியே நிறைவேறியது. வெள்ளைத் துணியை நாலு பேரும் விரித்துப் பிடித்துக் குடிக்கவிட்டு, சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். அழகுமலை துண்டை நாலாக மடித்து நனைத்துத் தலையில் வைத்துக்கொண்டான். பொன்னாடையையும் நனைத்துப் பார்த்தான். அது ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, வழுக்கி ஓடியது. கவுன்சில் கொடுத்ததாயிற்றே.

அவர்கள் தலைமேலேயே அருவி மெலிந்தது. பெரிய விழுது கயிறானது, கயிறு நூலானது, நூல் அறுந்தது. பாறை வெறுமையாக நின்றது. மேலே யாரோ வால்வைத் திருகிவிட்டார்கள்.

வெளிக் கேட்டில் முத்துசுவாமி நின்றிருந்தார். கேமராவில் பார்த்துவிட்டு ஆபீசிலிருந்து இறங்கி வந்திருந்தார். சொட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“நில்லுங்கோ. இது நனையறதாகாது. இது கொண்டுபோறது.”

“பாத்திரம் எதுவும் இல்லையே சார்” என்றான் அழகுமலை.

“அதுதான் பிரச்னை. துணி பாத்திரமா இல்லையான்னு ரூல்ல இல்லை. சந்தோஷத்துக்கு நனைஞ்சா சரி. நீங்கள் காரியத்துக்குன்னா நனைஞ்சிருக்கேள்! நான் மேலிடத்துல கேக்காம விட முடியாது.” போனை எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அழகுமலை காலடியைப் பார்த்தான். வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கவுன்சிலின் தரையில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் அம்மாவின் தண்ணீர். போன் அங்கே அடிக்க அடிக்க இங்கே அது தீர்ந்துகொண்டிருந்தது. மலைக்காற்று வேறு வந்து நனைந்த துணியை உலர்த்தப் பார்த்தது. “சார், காஞ்சிரும் சார்” என்றான். வேட்டி நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். “கால்ல விழுறேன் சார். காஞ்சிரும்.”

“காயறதுக்கு ரூல் தடை இல்லை” என்றார் முத்துசுவாமி. காதில் போனை வைத்தபடியே.

சூசையப்பன் விசிலை எடுத்தான். காது கிழிய ஒரு ஊது ஊதினான். “சார்! அஞ்சாச்சு!”

“அதுக்கென்ன?”

“அஞ்சுக்கு மேல பார்வையாளர் ஒருத்தர்கூட உள்ள நிக்கக்கூடாது சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டு இந்தப் பலகையில ஒட்டியிருக்கீக. எந்தக் காரணத்தாலும்னு அடிக்கோடு வேற போட்டிருக்கீக.” அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நீளமாக ஒரு சல்யூட் அடித்தான். “வெளியேத்தணும் சார்.”

முத்துசுவாமி பலகையைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் அந்தக் கையெழுத்தை மீறியது கிடையாது. போனை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். “வெளியேத்து” என்றார்.

நீர்மாலை என்றால் நின்று நிதானித்து நடக்க வேண்டும். அன்றைக்கு அந்த லயத்தின் நீர்மாலை ஓடியது. கொட்டுக்காரர்கள் புல்லில் கிடந்த கொட்டை எடுத்து மாட்டி, ஓடிக்கொண்டே அடித்தார்கள், சங்கு ஊதுகிறவர் மூச்சு வாங்க ஊதினார். பார்த்தவர்கள் கல்யாண ஊர்வலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். குடங்கள் நாலும் டோக்கன் ரூமில் பூட்டிக் கிடந்தன.

வாசலில் செல்வலட்சுமி விசிறியைப் போட்டுவிட்டு எழுந்தாள். “குடம் எங்க?” என்றாள். அழகுமலை அம்மாவின் தலைமாட்டில் நின்று, தலையிலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தான். நீர் நெற்றியில் விழுந்து கண்ணோரம் வழிந்தது. வேல்முருகன் பிழிந்தான். மாமா பிழிந்தார். ஆளுக்கொரு முனையாக வெள்ளைத் துணியை முறுக்கினார்கள். முகம் நனைந்தது, தோள் நனைந்தது, மார்பு நனைந்தது. முழங்காலுக்கு வரும்போது துணியில் ஈரம்தான் இருந்தது, தண்ணீர் இல்லை. எத்தனை முறுக்கியும் வரவில்லை. வாழ்நாள் முழுக்கத் தேயிலைக் காட்டு மழையில் ஊறிக் கிடந்த பாதங்கள் காய்ந்தபடி இருந்தன.

“இன்னும் கொஞ்சம்” என்று அழகுமலை கெஞ்சினான். யாரிடம் என்று தெரியவில்லை. துணியைத் தன் உள்ளங்கை சிவக்க முறுக்கினான்.

அப்போது லயத்தின் கோடியில் குழாய் இருமியது.

ஒரு தடவை, இரண்டு தடவை இருமிவிட்டு, குபுகுபுவென்று கொட்ட ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் வருவதுபோலத்தான் வந்தது. யாரும் அசையவில்லை. அழகுமலை மட்டும் மெல்லத் திரும்பிப் பார்த்தான். மேலே அணை, அணைக்கு வால்வு. காலம்பற திறக்கும், அஞ்சு மணிக்கு மூடும். அங்கே மூடினால் தண்ணீர் எங்கே போகும்? தலைமேல் நூலாக மெலிந்து அறுந்துபோன அருவி அவன் கண்முன்னால் ஓடியது.

எழுந்து போய்க் குழாயில் கையை நீட்டினான். சற்றுமுன் மண்டையில் அறைந்த அதே குளிர்.

ஒரு பிளாஸ்டிக் குடத்தை நிறைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். டிக்கெட் இல்லை, டோக்கன் இல்லை, படிவம் இல்லை. மாமா எதையும் கேட்கவில்லை, வழிவிட்டு நின்றார். தூரத்தில், சுடுகாட்டுப் பக்கமிருந்து ஒரு பிளிறல் கேட்டது. பாடை தூக்க நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகுமலை அவசரப்படவில்லை. அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதங்களில் நீரை நிறுத்தி நிறுத்தி ஊற்றினான். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான்.

“அவுக பாத்து முடிச்சிட்டாகம்மா” என்றான். “நமக்கு வந்துருச்சு.”